பாட்டியின் குரலில்

“சொல்லுக்கா. மாத்திரை போட்டியா, இல்ல வழக்கம்போல தலையணைக்கு அடியில ஒளிச்சு வச்சுட்டியா?”

“போட்டேன்டி குட்டி, போட்டேன். டாக்டருக்கு மேல அதிகாரம் பண்றே நீ. உன் முழங்கால் எப்படி இருக்கு?”

“அது என்னை விட்டு எங்கே போகப் போகுதுக்கா? படி ஏறும்போதெல்லாம் கத்துது.”

சொல்லிவிட்டு, முழங்காலில் ஒரு வலியும் இல்லாத டீச்சர் சோபாவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வயது இருபத்தாறு. மழலையர் பள்ளியில் வேலை. சிங்கம், நரி, கிழட்டுக் கரடி எல்லாம் அவள் தொண்டையில்தான் குடித்தனம் நடத்தின. இப்போது பாட்டியும் அங்கேதான் இருந்தாள்.

பாட்டி இறந்து நாலு மாதம் ஆகிவிட்டது.

இறந்த அந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் வந்தது. வேறு ஊரில் பேரன் வீட்டில் இருக்கும் பெரிய பாட்டி, பாட்டியின் அக்கா. வீட்டுத் தகராறு ஒன்றில் இரண்டு குடும்பங்களுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து எத்தனையோ வருடம் ஆகியும், இந்த இருவர் மட்டும் வாரா வாரம் போனில் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். கடைசி ஒரு வருடமாகப் பாட்டி பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாள். அப்படி என்ன ரகசியமோ என்று வீடே கிண்டல் செய்யும்.

அக்காவுக்கு ஹார்ட் பலவீனம், அவள் காதில் கெட்ட சேதி எதையும் போடக் கூடாது என்று பாட்டி எப்போதோ சொல்லியிருந்தாள். அன்று அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்த டீச்சர், போனை எடுத்ததும் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியாமல் தவித்தாள். சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுப் பழகிய “சொல்லுக்கா”தான் வாயில் வந்தது. “என்னடி, சளியா?” என்று கேட்டது மறுமுனை. ஆமாம் என்றாள். அதோடு மாட்டிக்கொண்டாள்.

“ஏன்டி குட்டி, நான் தூங்குறப்ப என் ஜடையைக் கத்திரிச்சியே, ஞாபகம் இருக்கா? அப்பா அடிக்க வந்தப்ப, அக்காவுக்குத் தலை கனக்குமேன்னுதான் வெட்டினேன்னு சொன்னியே!”

டீச்சர் தன் சொந்தக் குரலில் சிரித்துவிட்டாள். உடனே இருமி மறைத்தாள். வாரம் ஒரு கதை இப்படி வந்துவிடும். தனக்குத் தெரியாத பாட்டி இன்னும் எவ்வளவு மீதி இருக்கிறாள் என்று அவளுக்கு ஆசை அடங்கவே இல்லை.

அடுக்களை வாசலில் அம்மா நின்று கையை ஆட்டினாள்.

“அக்கா, ஒரு நிமிஷம். பால் பொங்குது.” டீச்சர் போனை மியூட்டில் போட்டாள்.

“இன்னிக்குச் சொல்லிடுறேன்னு சொன்னல்ல?”

“அவங்க ஹார்ட்டுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?”

“கூடப் பொறந்தவ செத்ததுக்கு அழுறது அவங்க உரிமைடி. அதை நாம பிடுங்கி வச்சுக்கலாமா?”

“நான் சொல்லிட்டா பாட்டி நிஜமாவே போயிடுவாங்கம்மா.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்கு அவங்க அம்மாடி. நீ அந்தக் குரல்ல பேசுறப்பல்லாம் நான் அடுப்பை அணைச்சுட்டு நின்னு கேட்டுட்டுத்தான் இருக்கேன். இருந்தாலும் போதும். சொல்லிடு.”

டீச்சர் மியூட்டை எடுத்தாள். பாட்டியின் குரலில் கடைசியாக ஒருமுறை பேசிவிடலாமா என்று நினைத்தாள். முடியவில்லை.

“பெரிய பாட்டி... நான் பேத்தி பேசுறேன். இத்தனை நாளும் நான்தான் பேசினேன். பாட்டி போயிட்டாங்க. உங்களுக்கு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு மறைச்சுட்டேன். என்னை மன்னிச்சிடுங்க.”

மறுமுனையில் சத்தமே இல்லை.

“பெரிய பாட்டி? நெஞ்சு வலிக்குதா? பக்கத்துல யாராவது இருக்காங்களா? பேசுங்க!”

அம்மா பதறி ஓடி வந்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

“பயப்படாதீங்க,” என்றது ஓர் இளைஞனின் குரல். “நான் அவங்க பேரன்.”

“போனைப் பெரிய பாட்டிகிட்ட குடுங்க, சீக்கிரம்!”

“குடுக்க முடியாதுங்க. அவங்க போய் ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. தங்கச்சி தாங்க மாட்டா, சொல்லாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. அதான் அவங்க மாதிரி நானே பேசினேன்.”

டீச்சர் போனை வாய்க்கு அருகே கொண்டுபோனாள். “அப்ப எங்க பாட்டியை ஏமாத்திட்டு இருந்தீங்களா?”

“எங்கங்க ஏமாத்த விட்டாங்க? ரெண்டாவது வாரமே பிடிச்சுட்டாங்க. நல்லா அழுதாங்க. அப்புறம் என்னையும் தேத்தினாங்க. அதுலேர்ந்து போனை எடுத்ததும் ‘சொல்லுடா பேராண்டி’தான். ஜடை கதையெல்லாம் அவங்க எனக்குச் சொன்னது.”

அவனே தொடர்ந்தான்.

“நாலு மாசம் முன்னாடி ‘சொல்லுக்கா’ன்னு ஒரு குரல் கேட்டப்பவே அவங்களும் போயிட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சு போச்சுங்க. போனை வச்சுடத்தான் நினைச்சேன், ஆனா நீங்க அழுதுட்டு இருந்தீங்க.”