மறைத்து வைத்த ஷீட்

"எம் பேரு ஏன் தம்பி செவப்பா இருக்கு?" என்று கேட்டாள் திலகவதி. அடுத்த வார ஷிப்டுக்குத் தன் லைன் ஆட்களின் பட்டியலைச் சரிபார்க்கத் தையல் கம்பெனி ஆபீசுக்கு வந்திருந்தாள். வேலையை விட்டு நிறுத்தப்போகிறவர்களுக்குத்தான் அங்கே சிவப்பு.

"பட்டியல் போடற மேக்ரோ புரோகிராம் கோளாறுங்க்கா," என்றான் கம்ப்யூட்டர் பார்க்கும் இருதயராஜ். "ஆளோட டோக்கன் நம்பரைத் தேடிப் பேரையும் கட்டத்தோட நிறத்தையும் எடுத்துட்டு வரும். அதுவா நிறம் பூசாது."

"அப்ப நீ பூசுனியா?"

"சத்தியமா இல்லீங்க்கா."

மூலப் பட்டியலைத் திறந்தான். அவள் கட்டம் வெள்ளையாகத்தான் இருந்தது. மேக்ரோவை வரி வரியாக ஓட்டினான். பெயரை மூலப் பட்டியலிலிருந்து எடுத்த அது, நிறத்துக்கு மட்டும் மறைத்து வைத்த வேறொரு ஷீட்டுக்குப் போனது.

"இது நான் எழுதுனதில்ல. மேனேஜர் கை வெச்சிருக்காரு. மூடிடறேன்க்கா."

"மூடுனா கத்துவேன். தொற."

திறந்தான். பன்னிரண்டே பெயர்கள். கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டு எழுதிய மனுவில், லைனுக்கு ஒருத்தியாக ரகசியமாகக் கையெழுத்துப் போட்ட அதே பன்னிரண்டு பேர். மனுவோ இன்னும் திலகவதியின் பையிலேயே இருந்தது. பதினொரு கட்டங்கள் சிவப்பு. சகுந்தலாவின் கட்டம் மட்டும் வெள்ளை.

கதவருகே சகுந்தலா எட்டிப் பார்த்தாள். "டீக்கு வரலியாக்கா? மனுவை இன்னிக்கே குடுத்துடலாமா?"

"எந்த மனு?" என்றாள் திலகவதி.