கரகர சத்தம்

“புது ஹார்ட் டிஸ்க் சத்தமே போடாதுன்னியே, அப்புறம் இன்னா இது கரகரன்னு?”

ஆம்பூர் தோல் தொழிற்சாலை அலுவலகத்தில் மேனேஜர் ஜார்ஜ் பிடித்த பிடியை விடவில்லை. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் பழுதானதால், போன வாரம்தான் காட்பாடி மெக்கானிக் ஜீவா அதை மாற்றியிருந்தான். இன்றோ அது முன்பு போலவே அரைத்தது. காலையில் டைப்பிஸ்ட் இவாஞ்சலின் அவனிடம் ஏதோ கிசுகிசுத்ததை வேறு அவர் பார்த்திருந்தார்.

“பழசையே திரும்ப மாட்டிட்டியா? திறந்து காட்டு. பழசா இருந்தா இனிமே இந்த கேட்டுக்குள்ள வராதே.”

ஜீவா மூடியைக் கழற்றினான். உள்ளே புதிய டிஸ்க்தான் இருந்தது. பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு ஸ்பீக்கர்.

“சத்தம் இதுலேர்ந்து வருது சார். டிஸ்க் வேலை செய்றப்ப மட்டும் பழசு மாதிரியே கரகரக்கும். இவாஞ்சலின் அக்காதான் காலைல கேட்டாங்க. சத்தம் இல்லாம, லெட்டர் பதிவாச்சா இல்லியான்னு அவங்களுக்குத் தெரியலையாம்.”

“அதான் ஸ்கிரீன்லயே வருதே?”

இவாஞ்சலின் தட்டச்சை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

“நீங்க சொல்லச் சொல்ல நான் அடிச்சுடறேனா, எனக்குக் கண்ணு தெரியாதுன்றதையே சார் மறந்துடுறீங்க.”

ஜார்ஜ் மனதுக்குள் ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். பிறகு குனிந்து, அந்தக் கரகரப்பைக் காதுகொடுத்துக் கேட்டார்.

“ஜீவா, இது கம்மியா இருக்குப்பா. தோல் பதப்படுத்துற டிரம் சுத்தறப்ப அந்தச் சத்தத்துல இவங்களுக்குக் கேக்காது. இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி பண்ணிக் குடு.”