வாசலில் நின்றவர்

"அண்ணா, வெயில்ல ஏன் நிக்கறீங்க? உள்ள வாங்க!"

மாரம்மா கூப்பிட்டதும் நாராயணப்பன் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். கெண்டைக்காலை யாரோ இடுக்கியால் பிடித்துத் திருகுவது போல் வலித்தது. ஊரிலேயே பெரிய மாந்தோப்புக்காரர், வரப்போகும் பஞ்சாயத்துத் தலைவர், நடுத்தெருவில் காலைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா?

"உன்னைப் பார்க்கத்தான் நின்னேன். மருமக ஊத்தங்கரையில இருந்து வந்துட்டாளா?"

மாரம்மா மருமகள் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் வலி விட்டுவிட்டது. நடந்தார். நாலு வீடு தாண்டியதும் மறுபடி பிடித்தது. அந்த வாசலில் நின்று, மாட்டுக்கு என்ன தீனி வைக்கிறார்கள் என்று அக்கறையாக விசாரித்தார்.

மனைவி சரோஜம்மாள் மட்டும் ஏமாறவில்லை. "மாட்டு மேல உங்களுக்கு என்னிக்கு இத்தனை பாசம்?" என்று கேட்டவள், மறுநாளே அவரைக் கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏற்றிவிட்டாள். தானும் ஏறிக்கொண்டாள்.

டாக்டர் அவர் பாதத்தின் மேல் விரல் வைத்து நாடி தேடினார். கிடைக்கவில்லை. கையில் கட்டிய பிரஷர் பட்டையை அவிழ்த்துக் கணுக்காலில் கட்டினார்.

"கையில இருக்கற பிரஷர்ல பாதிதாங்க கால்ல இருக்குது."

"காலு கைக்கு அடங்கித்தானே இருக்கணும் டாக்டர்?"

டாக்டர் சிரிக்கவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். தொடையில் ரத்தக்குழாய் அடைத்திருந்தது.

"நடக்கறப்ப காலுக்கு ரத்தம் பத்தலைங்க. அதான் வலி, நின்னா விட்டுடுது. சிகரெட்டை இன்னியோட நிறுத்துங்க. இல்லேன்னா விரல் கறுக்கும். அப்புறம் காலையே எடுக்க வேண்டி வரும்."

"காலை வேணா எடுத்துக்கங்க, எலக்‌ஷன்ல இருந்து ஒதுங்க மாட்டேன்! அந்த சிவராஜ் நாற்காலியில உட்காருவான், நான் படுத்துக்கிட்டுப் பார்க்கறதா?"

சிவராஜ், ஓசூர் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் காண்டிராக்டர். தெருமுனைக் கடைக்குக்கூடக் காரில் போகிறவன். வாயில் எந்நேரமும் சிகரெட் புகையும்.

"உங்களை யாரு ஒதுங்கச் சொன்னது? தெருத்தெருவா நடங்க. வலிச்சா நில்லுங்க, விட்டதும் நடங்க. அதுதான் வைத்தியமே. மாத்திரையும் தர்றேன். அப்பவும் கேக்கலேன்னா குழாய்க்குள்ள பலூன் விட்டு அடைப்பைத் திறந்துக்கலாம்."

பலூனா? நாராயணப்பன் ரோஷத்தோடு எழுந்தார். சிகரெட் பாக்கெட்டை ஆஸ்பத்திரி வாசலிலேயே கசக்கி எறிந்தார்.

நடந்தார். மாங்காய் சீசன் முடிந்தது, நடந்தார். ஆடி மாசக் காற்றில் வேட்டி பறக்க நடந்தார். நிற்கிற வாசல்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஆயுதபூஜைக்குள் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, நெஞ்சை நிமிர்த்தி, கும்பிட்ட கை இறங்காமல், ஒரே மூச்சில் போனார். கூட வந்தவர்களுக்குத்தான் மேல்மூச்சு வாங்கியது.

"பார்த்தியா சரோஜா? இனிமே எவனால என்னை அசைக்க முடியும்?"

ஓட்டு எண்ணினார்கள். சிவராஜ் ஜெயித்தான். நாராயணப்பனுக்குச் சொந்தத் தெருவே ஓட்டுப் போட்டிருக்கவில்லை.

அவர் நேராக மாரம்மா வீட்டுக்குப் போனார். "நான் என்னம்மா குறை வெச்சேன்?"

"முன்ன எல்லாம் வாசலுக்கு வாசல் நின்னு விசாரிப்பீங்க. ஓட்டு நெருங்க நெருங்க, குதிரையாட்டம் நிக்காம போறீங்க. ஜெயிக்கறதுக்கு முன்னாடியே இவ்வளவு திமிரான்னு ஊரே பேசுச்சுண்ணா. சிவராஜைப் பாருங்க. காரை விட்டு இறங்கி நடந்து வந்தான். நாலு வீட்டுக்கு ஒருதரம் நின்னு நின்னு, எங்க மாட்டைக்கூட விசாரிச்சிட்டுப் போனான்!"

நாராயணப்பன் குனிந்து தன் கெண்டைக்காலைப் பார்த்தார். மாட்டையா?

தெருவில் பட்டாசு வெடித்தது. வெற்றி ஊர்வலம் மாரம்மா வாசலருகே வந்து நின்றது. சிவராஜ் சுவரில் சாய்ந்து, சிகரெட்டை இழுத்தபடி, அவள் மருமகளை நலம் விசாரித்தான்.

நாராயணப்பன் ஒரு மாலையை வாங்கி அவன் கழுத்தில் போட்டு, காதோடு சொன்னார்:

"தம்பி, கிருஷ்ணகிரியில ஒரு டாக்டர் இருக்காரு, நாளைக்கே நான் கூட்டிட்டுப் போறேன். அடுத்த எலக்‌ஷனுக்குள்ள உன் கெண்டைக்கால் குணமாகியே தீரணும்!"