ஜன்னல் பக்கம்

“இந்தப் பக்கம் பளபளன்னு இருந்தாப் போறும் ஸ்டீபா. அந்தப் பக்கத்தை யார் பார்க்கப் போறா?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள் வைஜயந்தி மாமி.

ஸ்டீபன் உப்புத்தாளைக் கீழே வைத்தான். “ஏமாத்துத மாதிரி இருக்கே மாமி.”

“ஏமாத்தத்தான் போறோம். வேற வழி இருந்தாச் சொல்லு.”

வேறு வழி இல்லை. உள்ளே கட்டிலில் கிடந்த அவள் கணவர் லக்ஷ்மிநாராயணனைப் போன திங்கட்கிழமைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். உடம்பு தேறிவிட்டது, அதனால்தான் டிஸ்சார்ஜ் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தது. இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொன்னது மாமிக்கும், மாடி ரூமில் வாடகைக்கு இருந்த ஸ்டீபனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவருடைய ஒரே ஆசை கராஜில் துருப்பிடித்துக் கிடந்தது. எழுபத்தெட்டில் ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு கர்னலிடம் வாங்கிய, சீமையில் செய்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட்டு. தேஹு ரோடு மிலிட்டரி டிப்போவில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை பார்த்த காலமெல்லாம், “ரிடயர் ஆனதும் ஓட்டிக் காட்டறேன் பார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். தசராவுக்குத் தசரா மாலை போட்டதுதான் மிச்சம். ஒரு நாள் கூட வண்டி உறுமியதில்லை.

பக்கத்து ஊரான தளேகாவில் ஒரு கம்பெனியில் பெயிண்டராக இருந்த ஸ்டீபன், எப்படியும் ஓட வைத்துவிடலாம் என்றுதான் லீவு போட்டுவிட்டு இறங்கினான். பானெட்டைத் திறந்தால் எலிக்கூடு. எஞ்சின் இறுகிப் போயிருந்தது. அடித்தகடு அப்பளமாக நொறுங்கியது. கூட்டி வந்த மெக்கானிக் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “பங்கார் மே டால் தோ, பாய்” என்று பழைய இரும்புக்காரனுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஓட வைக்க முடியாது. முழுசாகப் பெயிண்ட் அடிக்கவும் நாள் இல்லை. கட்டிலுக்கு நேரே இருந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் வண்டியின் இடது பக்கம்தான் தெரியும். அதை மட்டும் முடித்துவிடுவது என்று மாமி தீர்மானித்துவிட்டாள்.

கராஜ் என்பது பேருக்குத்தான். நாலு தூண், மேலே தகரம், சுவர் கிடையாது. ஆகஸ்ட் மாதச் சாரல் தாராளமாக உள்ளே வந்தது. துருவைச் சுரண்டி, பட்டி பூசி, ப்ரைமர் அடித்து, கம்ப்ரசரை ஓடவிட்டு ஸ்ப்ரேயில் சிவப்பை ஏற்றினான் ஸ்டீபன். ஈரக் காற்றில் பெயிண்ட் பால் கொட்டியது மாதிரி வெளுத்தது. தேய்த்துவிட்டு மறுபடி அடித்தான். மறுபடியும் வெளுத்தது.

“சூப்பர்வைசர் இன்னிக்கும் போன் போட்டுட்டான் மாமி. கான்ட்ராக்ட் வேல, வேற ஆளப் போட்டுருவான்.”

“இன்னும் ரெண்டே நாள்டா கண்ணா. மாமாவுக்கு அதுக்கு மேல...” மாமி முடிக்கவில்லை.

டீ குடிக்கப் போய்விட்டு கேட்டைத் திறந்து வரும்போதெல்லாம், வாசற்படி வரைக்கும் வண்டியின் வலது பக்கம்தான் அவன் கூடவே வரும். ஓட்டை விழுந்த கதவு, உரிந்த சிவப்பு, அதன் மேல் கோழி எச்சம். தலையைக் குனிந்துகொண்டே கடந்து போவான்.

மூன்றாவது தடவை பெயிண்ட் பிடித்துக்கொண்டது. மறுநாள் காலை வெயிலும் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. மாமி அவர் முதுகுக்கு இரண்டு தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டு, ஜன்னல் கதவைத் திறந்தாள்.

“பார்த்தேளா? தீபாவளிக்கு லோனாவ்லா போறோம். நீங்கதான் ஓட்டணும், சொல்லிட்டேன்.”

சிவப்பு ஜொலித்தது. அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பேஷ்! மாப்பிள்ளையாட்டம் நிக்கறானே! நீ தலையில ஸ்கார்ஃப் கட்டிண்டு உக்காரு. மேல கூரை கிடையாது, காத்து பிச்சுண்டு போயிடும்.”

மாமி சிரித்தாள். காபி கொண்டுவருகிறேன் என்று சமையலறைக்குப் போனவள், போனதும் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை.

அறை வாசலில் நின்றிருந்த ஸ்டீபனைக் கிட்டே வரச் சொல்லி அவர் சைகை செய்தார். “அந்தப் பக்கம் அடிக்கலையோன்னோ?”

ஸ்டீபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “இல்ல மாமா... அது வந்து...”

“நாள் பூரா கம்ப்ரசர் சத்தத்தைத்தானே கேட்டுண்டு படுத்திருக்கேன். நீ அந்தாண்ட போகவே இல்லையே! நான் கேட்டேன்னு மாமிகிட்டச் சொல்லிடாதே. பாவம்.”

“மன்னிச்சிருங்க மாமா.”

“அதெல்லாம் இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு எத்தனை நாள் ஆகும்?”

“அஞ்சு நாளாவது வேணும்.”

“மூணு நாள்ல முடிச்சுடு.”

“என்ன அவசரம் மாமா? தீபாவளிக்குத்தான் இன்னும் நாள் கெடக்குல்லா?” ஸ்டீபன் எப்படியோ சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

அவர் அவன் கையைப் பிடித்து மெல்லத் தட்டிக்கொடுத்தார்.

“என்னைத் தூக்கிண்டு போறது அந்தப் பக்கமாத்தானேடா?”