உடைத்துப் போட்ட தட்டுகள்

"அண்ணி, எதிர்வீட்டு வாசல்ல ஒரு விளக்கு தொங்குதே, பார்த்தீங்களா? டீ ஜாடிக்குள்ள பல்பு வெச்சிருக்காங்க. அடடா, என்ன அழகு!"

நாத்தனார் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள். மேனேஜரம்மாவுக்குச் சுருக்கென்றது.

வங்கியில் மேனேஜர் என்பதால் அந்தக் குடியிருப்பு முழுக்க அவளுக்கு மேனேஜரம்மா என்றே பெயர். ஹாலில் புது சோபா, ஆள் உயரப் பூச்சாடி, கண்ணாடி அலமாரி நிறையப் பீங்கான் பொம்மைகள். பார்த்துப் பார்த்து வாங்கி அடுக்கியதெல்லாம் எதற்கு? வருகிறவர்கள் வாயைப் பிளக்கத்தானே! நாத்தனார் அந்தப் பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை. போட்டோ எடுக்க மறுபடியும் எதிர்வீட்டு வாசலுக்கே ஓடினாள்.

பின்னாலேயே போய் எட்டிப் பார்த்த மேனேஜரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூக்கு உடைந்துவிட்டது என்று போன வாரம் அவளே குப்பையில் போட்ட டீ ஜாடி!

எதிர்வீட்டுக்காரி கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பெண். தனி ஆள். குடிவந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அதற்குள் பழைய ஏணி புத்தக அலமாரியாகிவிட்டது, ஓட்டை வாளி முக்காலியாகிவிட்டது. வருகிறவர், போகிறவரெல்லாம் அவள் வாசலில் நின்று ஆகா ஓகோ என்கிறார்கள்.

நாத்தனார் கிளம்பியதுதான் தாமதம், கணவரிடம் பொரிந்து தள்ளினாள். "என் குப்பையை எடுத்து எனக்கே படம் காட்டறா பாருங்க!"

கணவர் லைப்ரரியில் வேலை பார்ப்பவர். வாயில்லாப் பூச்சி. "நாம வேண்டாம்னு போட்டதுதானேம்மா. அந்தப் பொண்ணுக்காவது உபயோகமாகட்டுமே," என்றார்.

"அதுதான் எனக்கு எரியுது! இனிமே இந்த வீட்டை விட்டு ஒரு துரும்புகூட முழுசாப் போகாது. பார்த்துக்கிட்டே இருங்க."

சொன்னபடியே செய்தாள். விளிம்பு போன தட்டு, காது உடைந்த கோப்பை, எதுவானாலும் சமையலறைத் தரையில் ஓங்கி ஒரு போடு. சில்லு சில்லான பிறகுதான் குப்பைத் தொட்டிக்குப் போகும். தினமும் ஏதாவது ஒன்று அகப்பட்டது. மனசுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

அந்த நிம்மதியும் நிலைக்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் புதுசாக ஒரு பூந்தொட்டி வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் நீலமும் வெள்ளையுமாகச் சில்லுகள் பதித்து, வெயிலில் தகதகவென்று மின்னியது. சந்தேகமே இல்லை, மேனேஜரம்மா உடைத்த நீலத் தட்டேதான். மாடிவீட்டு டாக்டர் வேறு, "எந்தக் கடையில வாங்கினீங்க? எனக்கும் ஒண்ணு சொல்லுங்களேன்" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"உடைச்சுப் போட்டாலும் விடமாட்டாளா இவ?"

அன்று சாயங்காலம் ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. உடைக்கப் பழசு எதுவும் அகப்படவில்லை. நல்ல தட்டையே எடுத்துப் போட்டாள். அது போதவில்லை, இன்னொன்று. அப்புறம் இன்னொன்று.

பதறியடித்துக்கொண்டு ஓடிவந்த கணவர், கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார்.

"நிறுத்துடி! போதும்! உனக்கு அறிவு இருக்கா, இல்லையா?"

அந்தக் குரலுக்கு மாடிப்படியே அதிர்ந்தது. அதே சமயம் ஒரு சில்லு தெறித்து அவள் நெற்றியில் கீறிவிட்டது. ரத்தத்தைப் பார்த்ததும் மனுஷன் அழுதேவிட்டார். அவரே பிளாஸ்திரி ஒட்டி, கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

மறுநாள் ஆபீசுக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால், வாசலில் எதிர்வீட்டுக்காரி.

"அக்கா, ஒரு நிமிஷம். அண்ணன் உள்ள இருக்காரா?"

"இருக்கார். என்ன வேணும்?" முகத்தில் அடித்தாற்போல் கேட்டாள் மேனேஜரம்மா. இன்னும் தட்டு இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருக்கிறாள். வாயைத் திறக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று தயாராக நின்றாள்.

எதிர்வீட்டுக்காரி குரலைத் தாழ்த்தினாள்.

"கொஞ்ச நாளா சத்தம் கேட்குதுக்கா. தட்டு உடையற சத்தம். நேத்து அண்ணன் கத்தினதும் கேட்டுது." அவள் பார்வை பிளாஸ்திரியிலேயே நின்றது. "வெளிய பார்த்தா எவ்வளவு சாதுவா இருக்கார்! நான் விட்டுட்டு வந்த என் வீட்டுக்காரரும் வெளியாளுங்களுக்கு அப்படித்தான் தெரிவார்."

மேனேஜரம்மாவுக்குப் பகீரென்றது. "ஐயோ, அவர் இல்ல... அது வந்து..."

என்னவென்று சொல்வது? உன்மேல் பொறாமைப்பட்டு நான்தான் உடைத்தேன் என்றா?

"சொல்ல வேண்டாம்க்கா. நானும் யார் கேட்டாலும் கை தவறிடுச்சுன்னுதான் சொல்லுவேன். எங்க வீட்ல அவர் வீசி உடைச்சதையெல்லாம் பொறுக்கி ஒட்டி ஒட்டித்தான் எனக்கு இந்தக் கைவேலையே வந்துச்சு."

"ஏம்மா, நெத்தி இன்னும் வலிக்குதா?" என்று உள்ளேயிருந்து கணவரின் குரல் வந்தது. எதிர்வீட்டுக்காரி சட்டென்று ஓரடி பின்வாங்கினாள். பிறகு அவசர அவசரமாக மேனேஜரம்மாவின் கையில் எதையோ வைத்து, விரல்களை மூடினாள்.

"என் வீட்டுச் சாவி. உள்ரூமைக் காலி பண்ணி உங்களுக்குப் படுக்கை போட்டு வெச்சிருக்கேன். எந்த நேரமானாலும் திறந்துக்கிட்டு வந்துடுங்க. எனக்கு அன்னைக்கு எதிர்வீட்டுக் கதவு ஒண்ணுகூடத் திறக்கலைக்கா."