மூன்றாவது கம்ப்யூட்டர்

"யாரைக் கேட்டு அதைப் பூட்டினீங்க, சேச்சி?"

பிரசோப் வாசகசாலைக்குள் நுழைந்த வேகத்தில் குடைத் தண்ணீர் மேஜை வரை தெறித்தது.

நூலகர் ரமணி நிமிர்ந்து பார்த்தாள். "குடையை வெளியில வச்சுட்டு வா. எதை?"

"மூணாவது கம்ப்யூட்டரை. லினக்ஸ் போட்டுக் கொடுத்தப்போ ஆறு விதமான திரை முகப்பு வச்சேன். அவங்கவங்க பிடிச்சதை எடுத்துக்கட்டும்னு. இப்போ ஒண்ணே ஒண்ணுதான் வருது. அதுவும் பஞ்சாயத்து ஆபீஸ் பீரோ மாதிரி."

"மத்ததை நான்தான் எடுத்தேன். பாஸ்வேர்டு நீ கொடுத்ததுதானே?"

பிரசோபுக்குக் காது மடல் சிவந்தது. லினக்ஸ் போல யாரும் எடுத்து இஷ்டப்படி மாற்றிக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருளுக்காகக் கொடி பிடித்து ஊர் ஊராக நடந்தவன் அவன்.

"தேர்ந்தெடுக்கற உரிமை! அதுக்குத்தானே தொண்டை வத்தக் கத்தினோம்? இங்கேயே அதைப் பூட்டி வச்சா எப்படி?"

"இப்பவும் கத்தத்தான் செய்யறே. பேப்பர் படிக்கறாங்க."

படித்துக்கொண்டிருந்த இருவரும் பேப்பரை எப்போதோ இறக்கிவிட்டார்கள்.

"யார் கேட்டாங்க? அதைச் சொல்லுங்க."

"ஒரு மெம்பர். தினமும் வந்து டைப் பண்றவங்க. எதுவும் இடம் மாறக் கூடாது, அது போதும்னாங்க. பேர் சொல்ல வேணாம்னும் கேட்டுக்கிட்டாங்க."

"மெம்பரா, மகாராணியா? அடிமையா இருந்தே பழகிட்ட ஜன்மம் போல. வரச் சொல்லுங்க. உரிமைன்னா என்னன்னு நான் புரிய வைக்கறேன்."

"வர்ற நேரம்தான்."

பிரசோப் மூன்றாவது கம்ப்யூட்டர் முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். நீக்கியதையெல்லாம் திரும்ப ஏற்றத் தொடங்கினான். விசைப்பலகை படபடத்தது.

வாசலில் ஒரு குடை மடங்கும் சத்தம்.

"பிரசோபே, மெம்பர் வந்தாச்சு," என்றாள் ரமணி. "புரிய வை."

திரும்பினான். கையில் காகிதக் கட்டோடு அவன் மனைவி ஜிஷா நின்றிருந்தாள்.

"நீயா? வீட்லதான் கம்ப்யூட்டர் இருக்கே! நேத்துகூடப் புது முகப்பு மாத்தி வச்சேனே, எவ்வளவு அழகா..."

"அதான் சேட்டா, இங்க வந்தேன். போன வாரம் ஒண்ணு, நேத்து ஒண்ணு. டைப் பண்ணி வச்சது எங்க இருக்குன்னு தேடியே பொழுது போகுது. டைப் பண்ணக் கொடுக்கற பிரஸ்ல வேலையை வேற ஆளுக்குக் கொடுத்துடுவோம்னு சொல்லிட்டாங்க."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எந்திரிங்க, சாயங்காலத்துக்குள்ள கொடுக்கணும்," என்றாள் ஜிஷா. "உனக்கு எது வேணும்னு என்னைக் கேட்டது ரமணிச் சேச்சி மட்டும்தான்."