செவலைக்கு வைத்த மருந்து

"அந்தச் செவலை நாய்க்கு மருந்து வச்சிரு மாப்ளே" என்றார் தனுஷ்கோடி.

நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர் அவர். மாப்ளே என்றது மனைவியின் தம்பி செந்தூர்பாண்டியை. கம்பெனிக்கு மேனேஜரும் அவர்தான்.

நாய்க்கு மருந்து வைப்பதென்றால் சோற்றில் விஷம் கலந்து வைப்பது. ஆனால் தனுஷ்கோடி அப்படிச் சொல்ல மாட்டார். கம்பெனிக்குள் விஷம், கொலை, சாவு என்று யாரும் வாயெடுக்கக் கூடாது. வாயில் வந்தது பலித்துவிடும் என்று அவருக்கு அப்படி ஒரு பயம். எவனாவது தெரியாமல் சொல்லிவிட்டால் வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வார்.

செவலை செய்த குற்றம் இதுதான். காலையில் பெரிய ஆர்டரோடு வந்த வடநாட்டுப் பார்ட்டியின் வெள்ளைப் பேன்ட்டில் அதன் உண்ணி ஒன்று ஏறிவிட்டது. அதன் காதுக்குள் பார்த்தால் கொத்துக் கொத்தாக உண்ணி. உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி.

கம்பி மத்தாப்பூ பெட்டி போடுகிற நாகஜோதி, மத்தியானச் சோற்றில் தினமும் அதற்கும் ஒரு கை வைப்பவள். செந்தூர்பாண்டியிடம் ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, வாயில்லாச் சீவன். எங்கிட்டாவது கொண்டு போயி விட்டுருங்க."

"மொதலாளி மருந்து வைக்கச் சொல்லிட்டாக. வைக்கத்தான் கொண்டு போறேன்."

கயிற்றைக் கட்டி வேனில் ஏற்றினார். செவலை வாலை ஆட்டிக்கொண்டே ஏறியது.

"நல்லாருப்பீகளா நீங்க?" என்று கேட்டுவிட்டு அழுதாள் நாகஜோதி.

அதன்பிறகு அவள் அவர் முகத்தில் விழிக்கவில்லை. மற்றப் பெண்களும் அவரைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். மனுஷனுக்கு அது உறைத்த மாதிரியே தெரியவில்லை.

அடுத்த வாரம் தனுஷ்கோடி காரை விட்டு இறங்கினால், கேட்டோரம் செவலை படுத்திருக்கிறது. முடியை ஒட்ட வெட்டி, உடம்பெல்லாம் எண்ணெய்ப் பளபளப்பு. வேலைக்கு வந்த பெண்கள் அதைச் சுற்றி நின்றார்கள். பக்கத்தில் செந்தூர்பாண்டி.

"என்ன மாப்ளே, மருந்து வைக்கலையா?"

"வச்சாச்சு அத்தான். வேப்பிலையக் கொதிக்க வச்சு, ஆறினதும் அந்தத் தண்ணியில குளிப்பாட்டினேன். உண்ணிய ஒன்னொன்னாப் பிடுங்கி சோப்புத் தண்ணியில போட்டேன். வேப்பெண்ணெயத் தேங்காயெண்ணெயில கலந்து தெனமும் தேய்ச்சேன். அந்த நாத்தத்துல என் வீட்டுக்காரி என்னைய உள்ளயே விடலை."

"நான் சொன்ன மருந்து அது இல்லலே."

"வேற எந்த மருந்து?"

தனுஷ்கோடி குரலைத் தாழ்த்தினார். "அதான்... ஊர்ல வைப்பாகள்ல."

"எனக்கு வெளங்கலை அத்தான். என்ன செய்யணும்னு வாயத் தொறந்து சொல்லுங்க. இப்பவே செஞ்சிர்றேன்."

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். எதிரே அத்தனை பெண்கள், காலை நேரத்தில் குளித்துப் பூ வைத்து வேலைக்கு வந்தவர்கள். உள்ளே சீசன் சரக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. நாகஜோதி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாயால் சொல்லவே கூசுகிற ஒரு காரியத்தைப் போன வாரம் எவ்வளவு லேசாகச் செய்யச் சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாகக்கூட இருந்தது.

குனிந்து செவலையைப் பார்த்தார்.

"ஒன்னுமில்ல மாப்ளே. காதுக்குப் பின்னால சரியாத் தேய்க்கலை போலருக்கு. அங்கனயும் கொஞ்சம் மருந்து வச்சிரு."